ஒரே சீட்டுல ரெண்டு மாத்திரை: பதட்ட மருந்து மூளைக்குள்ள என்ன பண்ணுது?

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகத் தொகுத்து, கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறோம்.)

உடுமலையில இருந்து பேசுறேன். பின்னாடி காத்துச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. ஆடிக் காத்தை நிறுத்துற சாஃப்ட்வேர் இன்னும் யாரும் எழுதல.

இன்னைக்குப் பேசப்போறது பதட்டத்துக்கு டாக்டர் எழுதித் தர்ற மாத்திரைகளைப் பத்தி. முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்லைங்க, இஞ்சினியரிங் படிச்சிட்டு கோடு எழுதுற ஆள். எந்த மாத்திரை சாப்பிடணும்னு இந்த எபிசோட் சொல்லாது. உள்ள போன மாத்திரை என்ன வேலை செய்யுதுங்கறதைத்தான் சொல்லும். அது தெரியாததால நடக்கற ஒரு தப்பு ரொம்பப் பொதுவானது. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

தலைகீழா நடக்கற விஷயம்

ஒருத்தர் பதட்டத்துக்காக டாக்டர்கிட்ட போறார்னு வெச்சுக்கோங்க. நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்லை, மீட்டிங்னாலே கை நடுக்கம். நம்ம நாட்டுல பல நேரம் சீட்டுல ரெண்டு மாத்திரை இருக்கும். ஒண்ணு எஸ்சிட்டலோபிராம் இல்லன்னா செர்ட்ரலின். இன்னொண்ணு குளோனாசெபாம் இல்லன்னா அல்பிரசோலம். ரெண்டாவதை "கொஞ்ச நாளைக்கு மட்டும்"னு டாக்டர் சொல்லியிருப்பார்.

ரெண்டாவது மாத்திரை போட்டு அரை மணி, ஒரு மணி நேரத்துல உடம்பு தளருது, தூக்கம் வருது. முதல் மாத்திரையைப் பத்து நாள் போட்டும் ஒண்ணும் தெரியல. போதாக்குறைக்கு வயித்தைப் புரட்டுது, சிலருக்குப் பதட்டம் கொஞ்சம் கூடக்கூடச் செய்யுது. அவர் என்ன முடிவுக்கு வருவார்? "இது வேஸ்ட், அதுதான் வேலை செய்யுது." முதலாவதை நிறுத்திட்டு ரெண்டாவதை மட்டும் மாசக்கணக்குல போட்டுக்கிட்டே இருப்பார்.

டாக்டர் நினைச்சது இதுக்கு நேர் எதிர். முதலாவதுதான் நீண்ட நாளுக்கான சிகிச்சை. ரெண்டாவது, அது வேலை செய்ய ஆரம்பிக்கற வரைக்கும் தாங்கிப் பிடிக்கற முட்டு. கட்டடத்துக்கு முட்டுக் கொடுத்துட்டு, கான்கிரீட் இறுகினதும் எடுத்துடுவோம் இல்லைங்களா, அந்த மாதிரி. கான்கிரீட்டை விட்டுட்டு முட்டை மட்டும் வெச்சுக்கிட்டா வீடு நிக்காது.

ஒண்ணு அரை மணி நேரத்துலயும் இன்னொண்ணு பல வாரம் கழிச்சும் வேலை செய்யறது ஏன்? இதுக்குப் பதில் தெரிஞ்சாலே பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

முதல்ல பதட்டம்னா என்ன?

மூளையோட ரெண்டு பக்கத்துலயும் உள்ள ஆழமா, பாதாம் பருப்பு அளவுல அமிக்டலான்னு ஒரு பகுதி இருக்கு. ஆபத்தை மோப்பம் பிடிக்கறது அதோட முக்கியமான வேலைகள்ல ஒண்ணு. அது மணி அடிச்சா, கீழ இருக்கற ஹைப்போதலாமஸும் மூளைத்தண்டும் உடம்பை ஓடறதுக்கோ சண்டை போடறதுக்கோ தயார் பண்ணும். அட்ரினலின் வரும், இதயம் வேகமாத் துடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், வயிறு கலக்கும்.

நெத்திக்குப் பின்னாடி இருக்கற முன்மூளைப் பகுதி, "அது பாம்பு இல்ல, கயிறு"ன்னு சொல்லி அந்த மணியை அடக்கும். பதட்ட நோய்ல இந்தச் சமநிலை கெட்டுப்போகுது. மேனேஜர் அனுப்பற "கால் மீ"ங்கற ரெண்டு வார்த்தைக்கும், எதிர்ல வர்ற யானைக்கும் உடம்பு ஒரே பதிலைக் கொடுக்குது. இது கோழைத்தனம் இல்லைங்க. எச்சரிக்கை மணியோட அளவு மாறிப்போயிருக்கு, அவ்வளவுதான்.

நரம்பு செல்கள் ஒண்ணோட ஒண்ணு ரசாயனம் மூலமாப் பேசிக்குது. அதுல ரெண்டு முக்கியம். குளூட்டமேட், "ஓட்டு"ன்னு சொல்ற ஆக்சிலரேட்டர். காபா, "நிறுத்து"ன்னு சொல்ற பிரேக். வேகமா வேலை செய்யற மாத்திரை இந்தப் பிரேக் மேலதான் கை வைக்குது.

வேகமான மாத்திரை: ஷட்டருக்குப் போட்ட கிரீஸ்

டயசெபாம், அல்பிரசோலம், குளோனாசெபாம், லோரசெபாம் எல்லாம் பென்சோடயசெபைன்ங்கற ஒரே குடும்பம். பேர்ல பாதிக்குப் பாதி 'செபாம்', 'சோலம்'னு முடியும்.

நரம்பு செல்லோட மேல்சுவர்ல காபா-ஏ ஏற்பின்னு ஒரு கதவு இருக்கு. அஞ்சு புரதத் துண்டுகள் வட்டமா நிக்கும், நடுவுல ஒரு ஓட்டை. காபா வந்து அதுல உட்கார்ந்தா ஓட்டை திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ள பாயும். குளோரைடுக்கு எதிர்மின்னூட்டம். அது உள்ள போகப்போக அந்த செல் சிக்னல் அனுப்பறது கஷ்டமாகிடும். செல் அமைதியாகுது.

நம்ம பக்கத்துல இருக்கறவங்களுக்கு பிஏபி வாய்க்கால் தெரியும். திருமூர்த்தி அணையில இருந்து தண்ணி முறை வெச்சு வரும், ஷட்டரைத் திருகினாத்தான் கிளை வாய்க்கால்ல பாயும். காபா, ஷட்டரைத் திருகற ஆள். பென்சோடயசெபைன் புதுசா வந்த இன்னொரு ஆள் இல்லைங்க. அது திருகு மரைக்குப் போட்ட கிரீஸ். அதே ஆள் அதே பலத்தோட திருகினாலும் ஷட்டர் அடிக்கடி, லேசாத் திறந்துக்கும். காபா உட்காரற இடம் வேற, இந்த மருந்து உட்காரற இடம் வேற. பக்கத்துல ஒட்டிக்கிட்டு அதோட வேலையைச் சுலபமாக்குது.

இந்த வித்தியாசம் உயிர் காக்கற வித்தியாசம். இதுக்கு முன்னாடி தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் கொடுத்தது பார்பிட்யூரேட் வகை மருந்துகள். அதோட அளவு கூடினா, காபா இல்லாமலே ஷட்டரைத் திறந்து வெச்சுடும். மூச்சை நடத்தற செல்களும் அமைதியாகி, மூச்சே நின்னுடும். பென்சோடயசெபைனுக்கு காபா இருந்தாத்தான் வேலை. அதனால தனியா எடுத்தா அந்த ஆபத்து கம்மி.

"தனியா"ங்கற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கோங்க. சாராயமும் இதே கதவு மேலதான் வேலை செய்யுது. ரெண்டும் சேர்ந்தா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு இல்ல, அதைவிட ரொம்ப அதிகம். டிராமடால், டாபென்டடால் மாதிரி ஓபியாய்டு வலி மாத்திரைகளோட சேர்ந்தாலும் அப்படித்தான். மூச்சு அடங்கற ஆபத்து அங்கதான் இருக்கு. "ரெண்டு பெக் போட்டுட்டு ஒரு தூக்க மாத்திரை" அப்படிங்கறது தூங்கறதுக்கான வழி இல்லைங்க.

இந்த மருந்து கிடைச்ச கதையும் சுவாரசியம். லியோ ஸ்டெர்ன்பாக்னு ஒரு வேதியியலாளர், அமெரிக்காவுல நியூ ஜெர்சியில ரோஷ் கம்பெனி ஆய்வகத்துல வேலை பார்த்தார். 1957-ல ஆய்வகத்தைச் சுத்தம் பண்றப்போ, முன்னாடி செஞ்சு டெஸ்ட் பண்ணாம விட்ட ஒரு பொருள் கண்ணுல பட்டுது. தூக்கிப் போடாம சோதனைக்கு அனுப்பினாங்க. அதுதான் 1960-ல லிப்ரியம்ங்கற பேர்ல விற்பனைக்கு வந்தது. 1963-ல வேலியம். மூளையில அது எந்த இடத்துல போய் ஒட்டுதுன்னு கண்டுபிடிச்சது 1977-லதான். பதினேழு வருஷம், எங்க வேலை செய்யுதுன்னே தெரியாம உலகமே சாப்பிட்டிருக்கு. டாக்குமென்டேஷன் இல்லாம புரொடக்‌ஷன்ல ஓடற கோடு நம்ம ஆபீஸ்ல மட்டும் இல்லைங்க.

இன்னொரு விஷயம். இந்தக் கதவு மூளை முழுக்க இருக்கு. அமிக்டலாவுல அமைதி வேணும்னு மாத்திரை போட்டா, ஞாபகம் பதியற இடத்துலயும், உடம்போட சமநிலையைப் பார்த்துக்கற இடத்துலயும் அதே அமைதி வந்துடும். அதனாலதான் மறதி, தள்ளாட்டம், தூக்கக் கலக்கம். ராத்திரி போட்ட மாத்திரை, காலையில பொள்ளாச்சி ரோட்டுல பைக் ஓட்டறப்பவும் உள்ளேயேதான் இருக்கும். அல்பிரசோலத்தோட அளவு ரத்தத்துல பாதியாக் குறையவே சுமார் 11 மணி நேரம் ஆகும். டயசெபாமுக்கு ஒரு நாள், ரெண்டு நாள்கூட ஆகும். மில்லுல நைட் ஷிஃப்ட் மெஷின் பக்கத்துல நிக்கறவங்க இதை டாக்டர்கிட்ட கண்டிப்பாச் சொல்லணும். வயசானவங்க கீழ விழுந்து இடுப்பெலும்பு முறியற ஆபத்தும் இதனால கூடும். உங்க அம்முச்சி பல வருஷமா "நரம்பு மாத்திரை"ன்னு ஒண்ணு போட்டுக்கிட்டு இருந்தா, அது என்னன்னு அட்டையை ஒருதரம் பாருங்க.

மூளை கணக்கைச் சரி பண்ணிக்கும்

தினமும் யாரோ பிரேக்கை அழுத்திக்கிட்டே இருந்தா மூளை சும்மா இருக்காது. "பிரேக் அதிகமா இருக்கு"ன்னு சொல்லி, காபா ஏற்பிகளோட உணர்திறனைக் குறைக்கும், ஆக்சிலரேட்டர் பக்கத்தை ஏத்தும். சில வாரத்துல அதே மாத்திரை முன்ன மாதிரி வேலை செய்யாது. அரை மாத்திரை ஒண்ணாகும், ஒண்ணு ரெண்டாகும்.

பிரச்சினை, திடீர்னு நிறுத்தறப்பத்தான். மாத்திரை போயிடுச்சு, ஆனா மூளை பண்ணி வெச்ச ஈடுகட்டல் அப்படியே இருக்கு. பிரேக் தேஞ்சுபோய், ஆக்சிலரேட்டர் அழுந்தின நிலை. தூக்கம் போகும், பழைய பதட்டம் ரெண்டு மடங்கா வரும், கை நடுங்கும். மோசமான நிலையில வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இது புத்தகத்துல மட்டும் இருக்கற விஷயம் இல்லைங்க. இன்னொரு மாநிலத்துல ஊர் ஊரா நடந்திருக்கு. தெலங்கானாவுல கள்ளு சட்டப்படி விற்பனை. ஆனா மரத்துல இறங்கற கள்ளு தேவைக்குப் பத்தாததால, தண்ணியில அல்பிரசோலம், டயசெபாம், குளோரல் ஹைட்ரேட் மாதிரி பொருட்களைக் கலந்து விக்கறது ரொம்ப நாளா இருக்கற பிரச்சினை. 2015-ல அரசு கலப்படக் கள்ளு மேல நடவடிக்கை எடுத்துச்சு. சரக்கு திடீர்னு நின்னுச்சு. நிஜாமாபாத் மாதிரி மாவட்டங்கள்ல நூத்துக்கணக்கான பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. வலிப்பு, பிதற்றல், இல்லாதது கண்ணுக்குத் தெரியறது. பல பேர் தினக்கூலிகள். பென்சோடயசெபைன்ங்கற பேரைக்கூடக் கேட்டிருக்க மாட்டாங்க. தாங்க குடிக்கறது கள்ளுன்னுதான் நினைச்சாங்க. ஆனா அவங்க மூளை அந்த மருந்துக்குத் தகுந்த மாதிரி மாறியிருந்துச்சு. நிறுத்தினதும் அதோட கணக்கு வெளிய வந்துச்சு.

நம்ம ஊர்லயும் தென்னங்கள்ளு இறக்க அனுமதி வேணுமா வேண்டாமான்னு அடிக்கடி பேச்சு வரும். அந்த வாதத்துக்குள்ள நான் போகல. இந்தச் சம்பவத்துல இருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணுதான். தெரிஞ்சு சாப்பிட்டாலும் தெரியாம சாப்பிட்டாலும், டாக்டர் சீட்டுல வந்தாலும் கள்ளு மொந்தையில வந்தாலும், மூளை ஒரே மாதிரிதான் பழகும். "எனக்கு மனசுல உறுதி இருக்கு, நான் அடிமையாக மாட்டேன்"ங்கறது இங்க செல்லாது. இது மன உறுதி சம்பந்தப்பட்டது இல்ல, ஏற்பி சம்பந்தப்பட்டது.

அதனாலதான் பொதுவா இந்த மாத்திரையை 2 முதல் 4 வாரத்துக்கு மேல தொடர வேண்டாம்னு சொல்றாங்க. இந்தியாவுல அல்பிரசோலம், டயசெபாம், தூக்கத்துக்கான சோல்பிடெம் எல்லாம் 2014 மார்ச்ல இருந்து எச்1 அட்டவணையில இருக்கு. சீட்டு இல்லாமக் கொடுக்கக் கூடாது. எழுதின டாக்டர் பேர், வாங்கினவர் பேர், எவ்வளவு மாத்திரைங்கறதை மெடிக்கல் ஷாப்ல தனி ரிஜிஸ்டர்ல எழுதி, மூணு வருஷம் வெச்சிருக்கணும். அட்டையில சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கும். "தெரிஞ்ச கடை, சீட்டு கேக்க மாட்டாங்க"ன்னு யாராவது சொன்னா, அது சலுகை இல்ல.

மெதுவான மாத்திரை: பல வாரம் ஏன் ஆகுது?

இப்போ அந்த முதல் மாத்திரைக்கு வருவோம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், பராக்சிட்டின், ஃபுளூவாக்சிட்டின் எல்லாம் எஸ்எஸ்ஆர்ஐ வகை. "டிப்ரஷன் மாத்திரையை எனக்கு ஏன் எழுதினாங்க?"ன்னு பல பேர் பயந்துடறாங்க. பேர் அப்படி நின்னுபோச்சு. பதட்ட நோய்க்கும் இதுதான் முதல்ல யோசிக்கற மருந்துகள்ல ஒண்ணு.

ஒரு நரம்பு செல் செரட்டோனினை வெளிய விட்டு, சேதி சொன்னதும், ஒரு பம்ப் அதைத் திரும்ப உள்ள இழுத்துக்கும். இந்த மாத்திரை அந்த பம்பை அடைக்குது. செரட்டோனின் இடைவெளியில கொஞ்சம் அதிக நேரம் நிக்குது. இது சில மணி நேரத்துலயே நடந்துடும். அப்புறம் ஏன் வாரக்கணக்குல காத்திருக்கணும்?

முதல் காரணம் ஃபீட்பேக். செரட்டோனின் விடற செல்லுக்குத் தானே அளவு பார்த்துக்கற சென்சார் இருக்கு. அளவு கூடினதும், "போதும்"னு சொல்லி உற்பத்தியைக் குறைச்சுடும். ஆரம்ப நாள்ல மாத்திரையும் சென்சாரும் ஒண்ணையொண்ணு எதிர்த்து இழுக்கும். ரெண்டு மூணு வாரத்துல அந்த சென்சார் மந்தமாகி விட்டுக்கொடுக்கும். அப்போதான் செல் முழுசா வேலை செய்யும். அதோட நரம்பு இணைப்புகள் மாறணும், அமிக்டலாவோட மிகைப் பதில் அடங்கணும், ஆபத்தே இல்லாத விஷயத்தை ஆபத்து இல்லைன்னு மூளை திரும்பக் கத்துக்கணும். கத்துக்கறதுக்கு நேரம் ஆகும். பலன் தெரிய 2 முதல் 6 வாரம், சிலருக்கு அதுக்கு மேலயும்.

இங்க ஒரு பழைய கதையைத் தள்ளி வெச்சுடலாம். "மூளையில செரட்டோனின் குறைஞ்சுபோச்சு, மாத்திரை அதை நிரப்புது"ன்னு சொல்லுவாங்க. அவ்வளவு எளிமையா இருந்தா முதல் நாளே சரியாகியிருக்கணும். மனச்சோர்வுக்கு செரட்டோனின் குறைவுதான் காரணம்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்லைன்னு 2022-ல லண்டன் ஆய்வாளர்கள் தலைமையில வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. அதுக்காக மாத்திரை வேலை செய்யாதுன்னு அர்த்தம் இல்ல. தலைவலி, உடம்புல பாராசிட்டமால் குறைஞ்சதால வர்றது இல்லையே. ஆனாலும் பாராசிட்டமால் வலியைக் குறைக்குது. நோய்க்கான காரணமும் மருந்து வேலை செய்யற விதமும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு இல்லைங்க.

எஸ்எஸ்ஆர்ஐயில போதை ஏறாது, இன்னும் வேணும்ங்கற ஏக்கம் வராது. ஆனா திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், தலைக்குள்ள ஷாக் அடிக்கற மாதிரி உணர்வு வரலாம். இதையும் படிப்படியாத்தான் குறைக்கணும். பாலியல் ஆர்வம் குறையறது பலருக்கு இருக்கற பக்கவிளைவு. வெக்கப்பட்டு மறைச்சு, தானா மாத்திரையை நிறுத்தறவங்க அதிகம். சொன்னா அளவையோ மருந்தையோ மாத்த வழி இருக்கு.

நம்ம வயசுக்காரங்களுக்கு முக்கியமான இன்னொண்ணு: 25 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் கூடுதான்னு கவனிக்கணும்னு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2007-ல இருந்து எச்சரிக்கை போட்டிருக்கு. மருந்தைத் தொடாதீங்கன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. அந்த வாரங்கள்ல தனியா இருக்காதீங்க, வீட்டுல ஒருத்தருக்காவது தெரியட்டும், மனசு மோசமானா அன்னைக்கே டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்கன்னு அர்த்தம்.

மேடைக்கு முன்னாடி போடற மாத்திரை

மூணாவதா ஒண்ணு: புரோப்ரனோலால். ஜேம்ஸ் பிளாக்ங்கற ஸ்காட்லாந்து விஞ்ஞானி இதயநோய்க்காக 1960-கள்ல உருவாக்கினது. 1988-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது. இது அட்ரினலின் போய் உட்காரற பீட்டா ஏற்பிகளை அடைச்சிடும். இதயம் வேகமாத் துடிக்காது, கை நடுங்காது. "தோத்துடுவோமோ"ங்கற எண்ணத்தை இது நேரா ஒண்ணும் பண்றது இல்ல. உடம்பு கத்தறது குறைஞ்சதால மனசும் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். ஃபிரெண்டு இன்டர்வியூவுக்குப் போட்டான்னு நீங்களும் வாங்கிப் போட்டுடாதீங்க. ஆஸ்துமா, வீசிங் இருக்கறவங்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கி ஆபத்தாக்கிடும்.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய கேள்விகள்

சீட்டைக் கையில வாங்கினதும், வெளிய வர்றதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க:

1. இதுல எது வேகமா வேலை செய்யறது, எது மெதுவா வேலை செய்யறது?
2. வேகமானதை எந்தத் தேதியில நிறுத்தணும்? எப்படிக் குறைக்கணும்?
3. மெதுவானது வேலை செய்யுதான்னு எத்தனை வாரம் கழிச்சுப் பார்க்கலாம்?
4. வண்டி, மெஷின் ஓட்டலாமா? குடிப் பழக்கத்தையும் நான் சாப்பிடற மத்த மாத்திரைகளையும் சொல்றேன், சேருமா?
5. இதோட கவுன்சலிங் போகலாமா?

அஞ்சாவதை விட்டுடாதீங்க. எண்ணம், பழக்கம் ரெண்டையும் மாத்தற அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சைக்குப் பதட்ட நோய்ல நல்ல ஆதாரம் இருக்கு. மாத்திரை மணிச் சத்தத்தைக் குறைக்கும். எதுக்கு மணி அடிக்கணும்னு மூளைக்குத் திரும்பச் சொல்லித் தர்றது அந்தப் பேச்சுச் சிகிச்சை.

இப்போ இந்த எபிசோடைக் கேட்டுட்டு, "நான் ஆறு மாசமா அந்த வேகமான மாத்திரையைத்தானே போட்டுக்கிட்டு இருக்கேன்"னு யாருக்காவது திக்குனு இருந்தா, தயவுசெஞ்சு இன்னைக்கு ராத்திரியே தூக்கிப் போட்டுடாதீங்க. அதுதான் இருக்கறதுலயே ஆபத்தான முடிவு. அளவைக் கொஞ்சம் கொஞ்சமா, வாரக்கணக்குல, தேவைப்பட்டா மாசக்கணக்குல குறைச்சு, நல்லபடியா வெளிய வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க. குறைய விட்டா மூளை பழைய கணக்குக்குத் திரும்பும். அதுக்கு அவகாசம் கொடுக்கணும். அந்த அட்டவணையைப் போட்டுத் தர்றது டாக்டரோட வேலை.

"மனநல டாக்டர்கிட்ட போனா ஊருக்குள்ள என்ன சொல்லுவாங்க?"ன்னு தயங்கறவங்க, முதல்ல ஃபோன்ல பேசலாம். 14416, டெலி மானஸ். மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச சேவை. இலவசம், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம். நேர்ல பார்க்கணும்னா திருப்பூர், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கு. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கு.

இந்த எபிசோடை, அட்டையை மட்டும் காட்டி மாத்திரை வாங்கற ஒருத்தர் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அவருக்கு அனுப்புங்க. திட்டாம அனுப்புங்க. அவர் தப்பு பண்ணல, யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லல. அடுத்த வாரம் பார்க்கலாம். வரட்டுங்களா.